சோடியம் ஏன் எலக்ட்ரானைக் கொடுக்க வேண்டும்? மகள் கேட்ட கேள்வி

நிலாமுற்றம் | ஞாயிறு, இரவு 9:10

என் மகள் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். நான் படித்தது வணிகவியல். இருந்தாலும் மாலையில் அவளோடு உட்கார்ந்து பாடப்புத்தகத்தைப் புரட்டுவது வழக்கம். இந்த வாரம் வேதிப்பிணைப்பு. அயனிப் பிணைப்பு வந்த இடத்தில் இருவரும் நின்றுவிட்டோம்.

பாடம் சொல்வது இது. சோடியம் அணுவில் 11 எலக்ட்ரான்கள். 2, 8, 1 என்று கூடு கூடாக அமைந்திருக்கின்றன. குளோரினில் 17, 2, 8, 7. சோடியம் கடைசி எலக்ட்ரானைக் கொடுக்கிறது, குளோரின் வாங்கிக்கொள்கிறது. இரண்டுக்கும் வெளிக்கூட்டில் எட்டு அமைந்துவிடுகிறது. சோடியம் நேர்மின் அயனி, குளோரைடு எதிர்மின் அயனி. இரண்டும் ஈர்த்துக்கொண்டு உப்பாகின்றன.

மகள் கேட்டது: "அம்மா, சோடியத்தின் உட்கருவில் 11 புரோட்டான்கள் அந்த எலக்ட்ரானை இழுத்துப் பிடித்திருக்கின்றன அல்லவா? பிறகு அது எதற்காக விட வேண்டும்? எட்டு நல்லது என்று அதற்கு யார் சொன்னார்கள்?"

வகுப்பிலும் கேட்டிருக்கிறாள். "எட்டு இருந்தால் நிலைத்தன்மை, அப்படியே எழுது" என்று பதில் வந்ததாம். வாடிய முகத்தோடு வீட்டுக்கு வந்தாள். எனக்கு விடை தெரியாது. ஆனால் கேள்வி சரியானது என்று மனம் சொல்கிறது. தெரிந்தவர்கள் பொறுமையாக எழுதினால் இரவே அவளுக்குப் படித்துக் காட்டுவேன். செவ்வாய்க்கிழமை தேர்வு.

இன்னொன்று என்னுடைய குழப்பம். கொடுத்தவருக்குக் கூட்டல் குறி, வாங்கியவருக்குக் கழித்தல் குறி. என் கணக்கேட்டில் இது தலைகீழாக இருக்கிறது.


மின்புலம் | ஞாயிறு, இரவு 9:34

நான் இயற்பியல் இளநிலை இரண்டாம் ஆண்டு மாணவன். குறியைப் பற்றிய குழப்பம் எளிதில் தீரும், அம்மா. எலக்ட்ரானே எதிர்மின் சுமை உள்ளது. அதைக் கொடுப்பது கடனைக் கைமாற்றுவது போன்றது. சோடியத்தில் 11 புரோட்டான்கள் அப்படியே இருக்கின்றன, எலக்ட்ரான்கள் 10 ஆகிவிட்டன. மீதி ஒரு நேர்மின் சுமை. குளோரினில் 17 புரோட்டான்கள், 18 எலக்ட்ரான்கள். மீதி ஓர் எதிர்மின் சுமை. புரோட்டான்களின் எண்ணிக்கை மாறவே மாறாது. மாறினால் அது வேறு தனிமம்.

மகளின் கேள்விக்கு: நியான், ஆர்கான் போன்ற மந்த வாயுக்களின் அமைப்பு மிகக் குறைந்த ஆற்றல் கொண்டது. எல்லா அணுக்களும் அந்த அமைப்பை அடைய முயல்கின்றன. எனவே சோடியம் ஒன்றைக் கொடுத்து நியானைப் போல ஆகிறது.


கரும்பலகை | ஞாயிறு, இரவு 10:02

மேல்நிலைப் பள்ளியில் 34 ஆண்டுகள் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். தம்பி மின்புலம் குறியைப் பற்றி எழுதியது மிகச் சரி. இரண்டாம் பத்தியைத்தான் ஏற்க முடியவில்லை. குழந்தை கேட்டதற்கு அது விடை ஆகாது. வகுப்பில் கிடைத்த பதிலே சற்று நீளமான உருவத்தில் வந்திருக்கிறது.

நிலாமுற்றம் அம்மா, நீங்கள் வணிகவியல் படித்தவர். கணக்காகவே எழுதுகிறேன், மகளுக்கு நீங்களே சொல்லிக் கொடுக்கலாம். 58.5 கிராம் உப்பு உண்டாவதாக வைத்துக்கொள்வோம். அது ஒரு மோல்; மோல் என்பது டஜன் போல, அணுக்களை எண்ண வைத்திருக்கும் ஒரு பெரிய எண்ணிக்கை.

ஆவி நிலையில் உள்ள சோடியம் அணுக்களிலிருந்து ஆளுக்கோர் எலக்ட்ரானைப் பிடுங்க 496 கிலோஜூல் ஆற்றல் செலவாகும். செலவு என்ற சொல்லைக் கவனியுங்கள். சோடியம் எதையும் தானம் செய்யவில்லை. அதனிடமிருந்து வாங்க விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. உங்கள் மகள் சொன்னது சொல்லுக்குச் சொல் உண்மை: உட்கரு இழுத்துப் பிடித்திருக்கிறது.

அந்த எலக்ட்ரான்களைக் குளோரின் அணுக்கள் ஏற்கும்போது 349 கிலோஜூல் வெளிப்படும். இது வரவு. செலவு 496, வரவு 349. பற்றாக்குறை 147.

கொடுத்து வாங்கியதோடு கதை முடிந்துவிட்டால் இந்த வியாபாரம் நட்டம். எலக்ட்ரான் சோடியத்திலேயே இருந்திருக்கும். "எட்டு நிறைந்துவிட்டது" என்ற மகிழ்ச்சி அந்த 147-ஐ அடைக்காது.

அடைப்பது அடுத்த படி. சுமை பெற்ற அயனிகள் ஒன்றையொன்று நெருங்கி, வரிசை வரிசையாக அடுக்கிக்கொண்டு படிகமாகும்போது 787 கிலோஜூல் வெளிப்படுகிறது. படிகக்கூடு ஆற்றல் என்று இதற்குப் பெயர். இந்த ஒரு வரவு எல்லாவற்றையும் ஈடுகட்டிவிடுகிறது.

முழுக் கணக்கு எழுத வேண்டுமானால் இன்னும் இரண்டு செலவுகள் உண்டு. திண்மச் சோடியத்தை ஆவியாக்க 107. குளோரின் மூலக்கூறுகளைப் பிரித்து ஒரு மோல் அணுக்களைப் பெற 121. ஆக மொத்தச் செலவு 107, 121, 496 சேர்ந்து 724. மொத்த வரவு 349, 787 சேர்ந்து 1136. உபரி 412. ஆய்வகத்தில் அளந்தால் 411 கிலோஜூல் வெப்பம் வருகிறது. ஒரு கிலோஜூல் வேறுபாடு முழு எண்ணாக்கியதால் வந்தது. ஐந்தொகை சமன்படுவதைப் பார்த்தீர்களா? மாக்ஸ் பார்ன், ஃபிரிட்ஸ் ஹேபர் என்ற இரு ஜெர்மானியர்களின் பெயரால் இதைப் பார்ன்–ஹேபர் சுழற்சி என்கிறோம்.

ஆகவே மகளிடம் சொல்லுங்கள்: சோடியம் தானாகக் கொடுப்பதில்லை. சேர்ந்து வாழக் கிடைக்கும் ஆதாயம் பெரிதாக இருப்பதால் எலக்ட்ரான் கைமாறுகிறது.


நிலாமுற்றம் | ஞாயிறு, இரவு 10:20

ஐயா, படித்துக் காட்டினேன். "அப்படியானால் நான் சொன்னது தப்பில்லை" என்று துள்ளினாள். உடனே இன்னொரு கேள்வி. படிகம் அவ்வளவு ஆதாயம் தருமானால் சோடியம் இரண்டு எலக்ட்ரான்களைக் கொடுத்து இன்னும் பெரிய ஆதாயம் பெறலாமே என்கிறாள்.


கரும்பலகை | ஞாயிறு, இரவு 10:41

இந்தக் குழந்தைக்கு என் ஆசிகள். எட்டு என்ற எண் எங்கிருந்து வருகிறது என்பதை அவளே தொட்டுவிட்டாள்.

சோடியத்தின் முதல் எலக்ட்ரானுக்கு விலை 496. இரண்டாவதற்கு 4562. ஒன்பது மடங்குக்கும் மேல். முதலாவது வெளிக்கூட்டில் தனியாக இருந்தது. இரண்டாவதை உள்கூட்டிலிருந்து பெயர்க்க வேண்டும். அது உட்கருவுக்கு அருகில், இறுக்கமாக இருக்கிறது. எந்தப் படிகமும் அந்த விலையைத் திருப்பித் தராது.

மெக்னீசியத்தைப் பாருங்கள். முதல் எலக்ட்ரான் 738, இரண்டாவது 1451. கூட்டினால் 2189. கனமான செலவுதான். ஆனால் இரட்டை நேர்மின் சுமையும் இரட்டை எதிர்மின் சுமையும் ஈர்க்கும் மெக்னீசியம் ஆக்சைடுப் படிகத்தில் திரும்பக் கிடைப்பது ஏறத்தாழ 3800. எனவே மெக்னீசியம் இரண்டோடு நிற்கிறது. மூன்றாவது எலக்ட்ரான் அதற்கும் உள்கூடு.

எட்டு என்பது அணுக்கள் விரும்பித் தேடும் எண் அன்று. செலவு திடீரென்று மலைபோல ஏறும் இடம். கணக்கு அங்கே நின்றுவிடுகிறது.

ஆக்சிஜனின் கதை இதைவிட அழுத்தமானது. முதல் எலக்ட்ரானை ஏற்கும்போது ஆற்றலை வெளிவிடுகிறது. இரண்டாவதை ஏற்கவைக்க ஆற்றலைச் செலவழிக்க வேண்டும், ஏனெனில் ஏற்கெனவே எதிர்மின் சுமை பெற்றுவிட்டது. வெற்றிடத்தில் தனியாக விட்டால் இரட்டைச் சுமையுள்ள ஆக்சைடு அயனி நிலைக்காது. ஓர் எலக்ட்ரானை உதறிவிடும். எட்டு நிறைந்திருந்தும் நிலைக்காது! படிகத்துக்குள், நேர்மின் அயனிகள் சூழ்ந்திருக்கும்போதுதான் அது இருக்கிறது. அங்கே மிக உறுதியாக இருக்கிறது: உப்பு 801 பாகை செல்சியசில் உருகுகிறது, மெக்னீசியம் ஆக்சைடு உருக 2850 பாகை அளவுக்குச் சூடேற்ற வேண்டும்.


மின்புலம் | ஞாயிறு, இரவு 11:15

ஐயா, என் விடையைத் திருத்திக்கொள்கிறேன். பிளஸ் டூவில் ஆற்றல் கணக்கைப் போட்டு மதிப்பெண் வாங்கினேன். ஒன்பதாம் வகுப்பில் படித்த "கொடுக்க விரும்புகிறது" என்ற கதையை அது மறுக்கிறது என்று இதுவரை தோன்றவே இல்லை.

787 எங்கிருந்து வருகிறது என்று இப்போது போட்டுப் பார்த்தேன். படிகத்தில் சோடியம், குளோரைடு மையங்களுக்கு இடையே 282 பிகோமீட்டர். ஒரே ஒரு ஜோடி அந்தத் தொலைவில் நின்றால் மின்சுமைகளின் ஈர்ப்பைக் கணக்கிடும் கூலூம் விதிப்படி மோலுக்கு 493 கிலோஜூல் கிடைக்கும். படிகத்தில் ஒவ்வோர் அயனிக்கும் எதிர்க்குறிச் சுமையுள்ள ஆறு அண்டைகள், அதற்கு அடுத்து தள்ளும் பன்னிரண்டு, அதற்கு அடுத்து இழுக்கும் எட்டு என்று தொடர்கிறது. எல்லாவற்றையும் கூட்டினால் ஜோடியைப் போல 1.748 மடங்கு. அதாவது 861. மிக நெருங்கும்போது எலக்ட்ரான் மேகங்கள் ஒன்றையொன்று தள்ளுவதால் அதில் ஒரு பகுதி கழிகிறது. கழித்தால் 787-ஐ ஒட்டி வருகிறது. தனி ஜோடியைவிடக் கூட்டமாக இருப்பதில் அவ்வளவு கூடுதல்!


மாலைவகுப்பு | திங்கள், காலை 6:50

நான் பத்தாண்டுகளாகத் தனிப்பயிற்சி வகுப்பு நடத்துகிறேன். பெரியவரின் அறிவுக்கு வணக்கம். ஆனாலும் என் கருத்தைச் சொல்ல வேண்டும். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு நாளை தேர்வு. கிலோஜூலும் படிகக்கூடு ஆற்றலும் அவளுக்கு எதற்கு? கொடுக்கல் வாங்கல் கதை மனதில் பதிகிறது. மெக்னீசியம் குளோரைடுக்கு வாய்பாடு எழுதச் சொன்னால் பிள்ளைகள் பிழையின்றி எழுதுகிறார்கள். என்னிடம் வருபவர்களில் பலர் வீட்டில் முதன்முதலாகப் படிப்பவர்கள். அவர்களுக்கு முதலில் கைப்பிடி வேண்டும். அது இல்லாமல் அறிவியலையே விட்டுவிடுவார்கள். உண்மை முழுவதையும் பதினொன்றாம் வகுப்பில் சொல்லலாம்.


கரும்பலகை | திங்கள், காலை 8:30

உங்கள் அக்கறை எனக்குப் புரிகிறது. நானும் அத்தகைய பிள்ளைகளுக்குத்தான் நடத்தினேன். எண்களை ஒன்பதாம் வகுப்பில் நடத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கேட்காத குழந்தைக்குச் சொல்ல வேண்டாம். கேட்ட குழந்தைக்குப் பொய் சொல்லக் கூடாது.

அந்தக் கதை விட்டுச் செல்லும் காயத்தையும் நான் பார்த்திருக்கிறேன். பதினொன்றாம் வகுப்புக்கு வரும் பிள்ளையிடம் "உப்பை வரை" என்றால் ஒரு சோடியம், ஒரு குளோரின், கைகோத்து நிற்கும் ஜோடி ஒன்றை வரைகிறது. "உப்பு மூலக்கூறு" என்று பெயர் எழுதுகிறது. திண்ம உப்பில் அப்படி ஒரு ஜோடி கிடையாது. எந்தச் சோடியத்துக்கு எந்தக் குளோரைடு சொந்தம் என்று கேட்டால் விடையே இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஆறு அண்டைகள் சமமாக உள்ளன. உப்பின் வாய்பாடு வெறும் விகிதம்: ஒன்றுக்கு ஒன்று. அலுமினியம் ஆக்சைடில் இரண்டுக்கு மூன்று, ஏனெனில் மும்மடங்கு நேர்மின் சுமை இரண்டு சேர்ந்தால் ஆறு, இருமடங்கு எதிர்மின் சுமை மூன்று சேர்ந்தாலும் ஆறு. சமன்பாடு, அவ்வளவே.

இதில் பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல முடியாது. 1913-இல் லாரன்ஸ் பிராக் எக்ஸ் கதிர்களைக் கொண்டு உப்பின் அமைப்பைக் கண்டறிந்தபோது அவருக்கு வயது 23. சோடியமும் குளோரினும் சதுரங்கப் பலகையின் கட்டங்கள் போல மாறி மாறி இருக்கின்றன, மூலக்கூறு என்று எதுவும் இல்லை என்றார். பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1927-இல், ஹென்றி ஆர்ம்ஸ்ட்ராங் என்ற மூத்த வேதியியலாளர் "நேச்சர்" இதழுக்குக் கடிதம் எழுதி இதைப் பொது அறிவுக்கே ஒவ்வாதது என்று கண்டித்தார். வாழ்நாள் முழுவதும் வேதியியலில் கழித்த மனிதரால் ஜோடியை விட முடியவில்லை. முதலில் பதிந்த படம் அவ்வளவு ஆழமாக வேரூன்றுகிறது. அதனால்தான் முதற்படத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறேன்.


மாலைவகுப்பு | திங்கள், காலை 9:05

ஜோடியாக வரைவதைப் பற்றிச் சொன்னீர்களே, அது என் மாணவர்களிடமும் இருக்கிறது. நானே கரும்பலகையில் ஜோடியாகத்தான் வரைந்து வந்திருக்கிறேன். இனிச் சதுரங்கப் பலகையாக வரைகிறேன். கதையை விடுவது பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை.


பித்தளைப்பட்டறை | திங்கள், நண்பகல் 12:40

உலோகமும் அலோகமும் சேர்ந்தால் அயனிச் சேர்மம், இரண்டும் அலோகமானால் எலக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொள்ளும் சகப்பிணைப்பு என்று மனப்பாடம் செய்த நினைவு. ஆனால் எங்கள் பட்டறையில் தாத்தா பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசும்போது நவச்சாரத் தூளைத் தூவித் தேய்ப்பார். வெண்புகை குபுகுபுவென்று எழும். நவச்சாரம் அம்மோனியம் குளோரைடு என்று பிறகு அறிந்தேன். அதில் உலோகமே இல்லையே? ஆனால் உப்பு மாதிரியே கரைகிறது, கரிக்கிறது.


கரும்பலகை | திங்கள், பிற்பகல் 2:15

அது அயனிச் சேர்மம்தான். விதியில்தான் ஓட்டை. அம்மோனியம் அயனியில் ஒரு நைட்ரஜனும் நான்கு ஹைட்ரஜன்களும் உள்ளே சகப்பிணைப்பால் சேர்ந்திருக்கின்றன. அந்தத் தொகுப்பு முழுவதும் ஒரு நேர்மின் சுமையோடு நடமாடுகிறது. எண்ணிப் பாருங்கள்: புரோட்டான்கள் நைட்ரஜனில் 7, ஹைட்ரஜன்களில் 4, ஆக 11. எலக்ட்ரான்கள் 10. சோடியம் அயனியிலும் இதே 11, இதே 10! இந்த ஒற்றுமையை வகுப்பில் சொல்லும் நாளெல்லாம் எனக்கே புதிதாக மகிழ்ச்சி வரும்.

தாத்தா பார்த்த வெண்புகை: சூட்டில் நவச்சாரம் அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரிந்து, மேலே குளிர்ந்த காற்றில் மறுபடி சேர்ந்து வெண்துகளாகிறது. உலோகப் பரப்பில் படிந்த ஆக்சைடை அந்த அமிலம் அரித்துவிடுவதால் ஈயம் ஒட்டுகிறது. நம் நாட்டு மருந்துக்கடைப் பெட்டிகளைத் திறந்தால் பல அயனிச் சேர்மங்கள் தமிழ்ப் பெயரோடு இருக்கும். வெடியுப்பு, படிகாரம், மயில்துத்தம், அன்னபேதி. பொட்டாசியம் நைட்ரேட்டு, பொட்டாசியம் அலுமினியம் சல்பேட்டு, தாமிர சல்பேட்டு, இரும்பு சல்பேட்டு.


வடமராட்சி | திங்கள், மாலை 5:30

யாழ்ப்பாணத்தில் இரசாயனவியல் கற்பிப்பவன். நீங்கள் அயனி என்பதை நாங்கள் அயன் என்போம், எலக்ட்ரான் எமக்கு இலத்திரன், மின்சுமை ஏற்றம், படிகக்கூடு சாலகம். நேர் ஏற்றமுள்ள அயன் கற்றயன். சொற்கள் வேறானாலும் பிள்ளைகளின் கேள்வி ஒன்றுதான். எங்கள் வகுப்பிலும் "சோடியம் ஏன் விடுகிறது" என்று ஒரு மாணவி கேட்டிருக்கிறாள்.

அயன் என்ற சொல்லுக்குக் கிரேக்க மொழியில் "செல்வது" என்று பொருள். 1834-இல் மைக்கேல் ஃபாரடே, வில்லியம் ஹியூவெல் என்ற அறிஞரிடம் கலந்து பேசி இப்பெயரைச் சூட்டினார். கரைசலில் மின்னோட்டம் பாயும்போது ஏதோ ஒன்று மின்வாய்களை நோக்கிச் செல்கிறது. அது எதுவென்று அப்போது தெளிவில்லை. மின்சாரம் இல்லாதபோதும் அயன்கள் கரைசலில் தனித்தனியாகவே இருக்கின்றன என்று ஸ்வீடன் நாட்டு ஸ்வாந்தே அரீனியஸ் 1884-இல் தம் ஆய்வேட்டில் எழுதினார். உப்சாலாப் பல்கலைக்கழகத்தில் அதற்கு மிகத் தாழ்ந்த தரமே கிடைத்தது. 1903-இல் அதே கருத்துக்காக நோபல் பரிசு வந்தது.

நிலாமுற்றம் அவர்களுக்கு ஒரு செய்தி: எலக்ட்ரானைத் திருப்பிக் கொடுக்கவும் முடியும். உருகிய உப்பில் மின்சாரத்தைச் செலுத்தினால் சோடியம் அயன் இலத்திரனைப் பெற்று மறுபடி உலோகமாகிறது. ஹம்ஃப்ரி டேவி 1807-இல் உருகிய எரிசோடாவிலிருந்து (சோடியம் ஐதரொட்சைட்டு) இப்படித்தான் சோடியத்தை முதன்முதலாகக் கண்ணால் கண்டார். உப்புக் கரைசலில் செலுத்தினால் உலோகம் வராது. குளோரினும் ஐதரசனும் வெளியேறி எரிசோடா மிஞ்சும். போருக்கு முன் ஆனையிறவு உப்பளத்து உப்பைக் கொண்டு பரந்தனில் இருந்த தொழிற்சாலை செய்தது இதைத்தான். பிள்ளைகளை ஆனையிறவைக் கடந்து அழைத்துச் செல்லும்போதெல்லாம் பஸ்ஸிலேயே இந்தப் பாடத்தைச் சொல்வேன்.


உப்பளத்தான் | திங்கள், இரவு 8:05

ஆனையிறவு என்றதும் எழுதத் தோன்றியது. எங்கள் குடும்பம் தூத்துக்குடிப் பக்கம் மூன்று தலைமுறையாக உப்பளத்தில் இருக்கிறது. நிலத்தடி உவர்நீரை ஏற்றி, பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலில் காயவைக்கிறோம். நீரின் அடர்த்தியைக் கருவி போட்டு டிகிரியில் பார்ப்போம். 13, 14 டிகிரியில் அடியில் ஜிப்சம் படியும். 25 தாண்டினால் உப்பு பிடிக்கும். 29, 30 ஆகிவிட்டால் மீதி நீரை வெளியேற்றிவிட வேண்டும். விட்டால் உப்பு கசக்கும், மழைக்காலத்தில் கசிந்துகொண்டே இருக்கும். அப்பா காலத்திலிருந்து இதைச் செய்கிறோம். ஒரே நீர், ஒரே வெயில். ஏன் ஒன்றன்பின் ஒன்றாக, தவறாத வரிசையில் பிரிகின்றன?


கரும்பலகை | திங்கள், இரவு 8:40

இந்த இழையில் வந்தவற்றிலேயே அழகான கேள்வி உங்களுடையது. கடல் நீரில் உண்மையில் "உப்பு" இல்லை. ஒரு கிலோ கடல் நீரில் குளோரைடு அயனி 19.4 கிராம், சோடியம் 10.8, சல்பேட்டு 2.7, மெக்னீசியம் 1.3, கால்சியமும் பொட்டாசியமும் ஆளுக்கு 0.4 கிராம். எல்லாம் தனித்தனியே, நீர் மூலக்கூறுகள் சூழ, அலைகின்றன. எது எதோடு சேரும் என்பது பாத்தியில்தான் முடிவாகிறது. உப்பு உங்கள் பாத்தியில் பிறக்கிறது.

நீர் குறையக் குறைய, எந்த இணைக்குக் கரைதிறன் குறைவோ அது முதலில் திண்மமாகிறது. கால்சியமும் சல்பேட்டும் இரட்டைச் சுமை உள்ளவை. வலுவாக ஈர்த்துக்கொள்வதால் ஜிப்சம் முதலில் விழுகிறது. பிறகு சோடியம் குளோரைடு. மெக்னீசியம் குளோரைடு மிக நன்றாகக் கரையக் கூடியது. கடைசி வரை நீரிலேயே தங்குகிறது. கசப்பும் அதனுடையது, காற்றின் ஈரத்தை இழுப்பதும் அதுவே.


மின்புலம் | திங்கள், இரவு 9:20

ஐயா, ஒரு சந்தேகம். மெக்னீசியம் சல்பேட்டிலும் இரண்டும் இரட்டைச் சுமைதான். ஆனால் பேதியுப்பு எனப்படும் அது நீரில் தாராளமாகக் கரைகிறதே? சுமையை மட்டும் வைத்துச் சொன்னால் அது ஜிப்சத்துக்கு முன்பே விழ வேண்டும்.


கரும்பலகை | திங்கள், இரவு 9:45

சரியாகப் பிடித்தீர்கள், தம்பி. நான் அவசரமாக ஒரு பக்கத்தை மட்டும் எழுதிவிட்டேன். கரைவது இருபக்க இழுபறி. படிகத்துக்குள் அண்டை அயனிகள் இழுக்கின்றன; வெளியே நீர் இழுக்கிறது. மெக்னீசியம் அயனி மிகச் சிறியது, ஆறு நீர் மூலக்கூறுகளை நெருக்கமாகத் தன்னைச் சுற்றிப் பிடித்துக்கொள்கிறது. நீரின் பிடி அங்கே வலுவாக இருக்கிறது. கால்சியம் அதைவிடப் பெரியது. நீரின் பிடி அவ்வளவு இறுக்கமில்லை. சுமை, அளவு, நீர் மூன்றையும் சேர்த்து எடைபோட வேண்டும். சுமை மட்டும் என்று நான் எழுதியதை அழித்துவிடவில்லை. பிழை தெரியும்படியே கிடக்கட்டும், படிப்பவர்களுக்கு உதவும்.


இரவுப்பணி | செவ்வாய், அதிகாலை 4:10

குழந்தைகள் வார்டில் செவிலியாகப் பணிபுரிகிறேன். பாப்பாவுக்கு என்னால் ஓர் எடுத்துக்காட்டு.

வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் பின்புறத்தைப் பாருங்கள். ஒரு லிட்டருக்குச் சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5, சோடியம் சிட்ரேட்டு 2.9, குளுக்கோஸ் 13.5. நீரில் கரைந்தபின் அயனிகளின் எண்ணிக்கை மில்லிமோல் (மோலில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில்: சோடியம் 75, பொட்டாசியம் 20, குளோரைடு 65, சிட்ரேட்டு 10. சிட்ரேட்டு மும்மடங்கு எதிர்மின் சுமை கொண்டது. நேர்மின் பக்கம் 75, 20 சேர்ந்து 95. எதிர்மின் பக்கம் 65, மூன்று பத்து 30 சேர்ந்து 95. சமம். குளுக்கோஸ் மட்டும் அயனியாவதில்லை, முழு மூலக்கூறாகவே இருக்கிறது. ஆனால் குடற்சுவரில் சோடியம் அயனி உள்ளே நுழையக் குளுக்கோஸ் துணை போகிறது, நீர் பின்தொடர்கிறது. அதனால்தான் பொட்டலத்தை அரையும் குறையுமாகக் கலக்காதீர்கள், ஒரு லிட்டர் என்றால் ஒரு லிட்டர் நீரில் கலக்குங்கள் என்று ஒவ்வொரு தாயிடமும் கெஞ்சிச் சொல்கிறோம்.

தேர்வுக்கு வாழ்த்துகள்.


மாலைவகுப்பு | செவ்வாய், காலை 7:00

95-க்கு 95. இன்றைக்கு வாய்பாடு வகுப்பை இந்தப் பொட்டலத்தோடுதான் தொடங்கப் போகிறேன். நன்றி, சகோதரி.


நிலாமுற்றம் | சனி, மாலை 6:20

எல்லோருக்கும் நன்றி சொல்லத் தாமதமாகிவிட்டது. தேர்வில் கேள்வி "அயனிப் பிணைப்பு உருவாவதை விளக்குக" என்றே வந்தது. புத்தகத்தில் உள்ளதை எழுதிவிட்டு, கீழே சதுரங்கப் பலகையை வரைந்து, "எலக்ட்ரானை எடுக்க ஆற்றல் தேவை, படிகம் உருவாகும்போது அது திரும்பக் கிடைக்கிறது" என்று இரண்டு வரி சேர்த்திருக்கிறாள். தாள் இன்னும் வரவில்லை.

அதோடு நிற்கவில்லை. கல்லுப்பையும் படிகாரத்தையும் வெந்நீரில் கரைத்து இரண்டு தட்டுகளில் ஊற்றிச் சமையலறை ஜன்னலில் வைத்தாள். படிகாரம் மறுநாளே முளைத்தது. உருப்பெருக்கியில் பார்த்தால் இரண்டு பிரமிடுகளை அடியோடு அடி ஒட்டியது போல எட்டு முகம். உப்பு நான்கு நாள் எடுத்துக்கொண்டது. சின்னச் சின்னச் சதுரங்கள், பட்டை பட்டையாக, ஒன்றுகூட வட்டமாக இல்லை. உள்ளே உள்ள அடுக்கு வெளியே தெரிகிறது என்று அவளே சொன்னாள்.

இப்போது கேட்பது: உள்ளே இருக்கும் அயனிக்கு ஆறு அண்டைகள், சரி. படிகத்தின் ஓரத்தில் இருப்பதற்கு?


கரும்பலகை | சனி, மாலை 7:05

முகப்பில் இருக்கும் அயனிக்கு ஐந்து அண்டைகள். விளிம்பில் நான்கு. மூலையில் மூன்றே. பிடிமானம் அந்த அளவுக்குக் குறைவு. நீர் முதலில் கழற்றுவது மூலையில் இருப்பதைத்தான். ஒரு பெரிய கல்லுப்புக் கட்டியை எடுத்து, கூரிய முனைகளை விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு குளிர்ந்த நீரில் ஒரு நிமிடம் வைத்து எடுத்து, துடைத்து, மறுபடி தடவிப் பார்க்கட்டும்.